வேர்த்தா சரியாயிடுமா?

2023 டிசம்பர். ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு லண்டனிலிருந்து என் கல்லூரி நண்பன் போன் பண்ணினான். குரல் கட்டியிருந்தது. ரெண்டு வார்த்தைக்கு ஒரு இருமல்.

"உடம்பு அனலா கொதிக்குதுடா. நூத்தியொண்ணு. ஆனா இன்னிக்கு கியூபாவுலேர்ந்து ஒரு பேண்டு வந்திருக்கு. பதினோரு பேர். டிரம்பெட், காங்கா, பியானோ எல்லாம் நம்ம கண்ணு முன்னாடி வாசிப்பாங்க. டிக்கெட் முப்பத்தஞ்சு பவுண்டு. ரெண்டு மாசம் முன்னாடியே வாங்கிட்டேன். போகட்டா, வேண்டாமா?"

ஊரில் இருந்தவரை கல்யாண வீட்டு நாதஸ்வரத்துக்குக்கூடத் தலையை ஆட்டாத ஆள் இவன். நாற்பதைத் தாண்டி, லண்டன் குளிரில், ஆபீஸ் கணக்கு வழக்குகளுக்கு நடுவே சால்சா கற்றுக்கொண்டான். வாரம் ஒருநாள் ஆடப் போவது ஒன்றுதான் தனக்கு மூச்சு விடுகிற நேரம் என்பான். அப்படிப்பட்டவனிடம் 'போகாதே' என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

"போடா. நாலு பாட்டுக்கு ஆடினா வேர்த்துக் கொட்டும். வேர்த்தா சரியாயிடும்" என்றேன்.

வாராவாரம் உங்களுக்குப் பகுத்தறிவு போதிக்கிற இதே வாயால்தான் சொன்னேன். இந்த வாரம் கட்டுரை அந்த ஒரு வரியைப் பற்றித்தான். திட்டு வாங்க வேண்டிய முதல் ஆள் நான். அடுத்து, இதே வரியை வீட்டில், ஆபீசில், நண்பர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கும் நீங்கள்.

அவன் போனான். ரெண்டு பாராசிட்டமால் போட்டுக்கொண்டு போனான். எட்டு மணிக்கு ஆரம்பித்து பதினோரு மணி வரை ஆடினான். நடுவில் 'ருவேதா' வேறு.

ருவேதா என்றால் சக்கரம். 1950களின் கடைசியில் ஹவானாவில் பிறந்த வட்ட ஆட்டம். ஜோடி ஜோடியாக வட்டமாக நிற்பார்கள். ஒருத்தர் குரல் கொடுப்பார். அவர் 'தாமே' என்றதும் ஆண்கள் எல்லாரும் பக்கத்து ஜோடிப் பெண்ணிடம் நகர வேண்டும். அடுத்த 'தாமே'க்கு அதற்கும் அடுத்தவர். இப்படி ஒரே பாட்டில் வட்டத்தில் உள்ள அத்தனை பேர் கையையும் பிடித்துவிடலாம். பாட்டுச் சத்தத்தில் பேச்சு கேட்காது என்பதால் காதருகே போய்க் கத்திப் பேச வேண்டும். 'தாமே' என்ற ஸ்பானியச் சொல்லுக்கு 'எனக்குக் கொடு' என்று அர்த்தம்.

நண்பன் கொடுத்தான். தாராளமாகக் கொடுத்தான்.

அடுத்த வாரம் அந்த நடனக் குழுவில் ஒன்பது பேருக்குக் காய்ச்சல். நண்பனுக்கு வந்தது ஃப்ளூ என்று செவ்வாய்க்கிழமை சோதனையில் தெரிந்தது. அந்த ஒன்பது பேரில் ஒருவர் அறுபது வயதைத் தாண்டிய பெண்மணி. புற்றுநோய்க்கு சிகிச்சை முடிந்து, எட்டு மாதம் கழித்து அன்றைக்குத்தான் முதல்முறையாக ஆட வந்திருந்தார். அவர் பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். பிழைத்து வந்துவிட்டார். பயப்படாதீர்கள்.

இவன்தான் தொற்றவைத்தான் என்று நிரூபிக்க முடியுமா? முடியாது. அது ஃப்ளூ சீசன். பஸ்ஸில் வந்திருக்கலாம், கடையில் வந்திருக்கலாம். கோர்ட்டில் நிற்காத வழக்குதான். ஆனால் நண்பனின் மனசு கோர்ட் இல்லையே. பிப்ரவரியில் பழக்கூடையோடு அவரைப் பார்க்கப் போய், நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டான். அந்த அம்மா கோபப்படவில்லையாம். ஒரே ஒரு கேள்வி கேட்டாராம்.

"நான் டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் வந்தேன். நீங்கள் யாரிடம் கேட்டீர்கள்?"

அவன் கேட்டது என்னிடம்!

*

அன்று ராத்திரி அந்த அரங்கில் உடம்பு சரியில்லாதவர்கள் ரெண்டு பேர் இருந்தார்கள் என்பதைக் கவனியுங்கள். ஒருவர் அந்த அம்மா, இன்னொருவர் என் நண்பன். ரெண்டு பேருக்கும் ஒரே ஆசை. பாட்டு கேட்க வேண்டும், ஆட வேண்டும், உயிரோடு இருக்கிறோம் என்று காலுக்குத் தெரிய வேண்டும். ஆனால் அந்த அம்மா வந்தது சரி. இவன் போனது தப்பு.

ஏன்? அந்த அம்மாவின் நோய் அவரோடு நிற்கிறது. இவனுடைய நோய் பக்கத்து ஆளுக்குத் தாவுகிறது. அவ்வளவுதான் விஷயம். இந்த ஒரு கோட்டைத்தான் நாம் அழித்துவிட்டோம். முட்டிவலியோடு ஆடுபவரையும் காய்ச்சலோடு ஆடுபவரையும் ஒரே தராசில் வைத்து, 'ஆஹா, என்ன மன உறுதி!' என்று கை தட்டுகிறோம்.

முட்டிவலிக்காரருக்கு நானும் கை தட்டுகிறேன். கியூபாவின் பியானோ மேதை ரூபன் கொன்சாலஸ் கதை தெரியுமா? 1996-ல் அவருக்கு வயது 76. விரல்களில் மூட்டுவாதம். வாசிப்பதை ஏறக்குறைய விட்டிருந்தார். வீட்டில் பியானோவும் இல்லை. அந்த வருஷம் மார்ச் மாதம் ஹவானாவில் 'புவனா விஸ்டா சோஷியல் கிளப்' இசைத்தட்டுக்காக ஒலிப்பதிவு நடந்தபோது, காலையில் ஸ்டுடியோ கதவு திறப்பதற்கு முன்பே வந்து காத்திருப்பாராம். அந்த விரல்கள் வாசித்ததை உலகமே கேட்டது. அவருடைய மூட்டுவாதம் பக்கத்தில் கிட்டார் வாசித்தவருக்கு ஒட்டிக்கொள்ளவில்லை. அதுதான் வித்தியாசம். இந்த மாதிரி வலியோடு ஆடுங்கள், பாடுங்கள். யார் தடுத்தாலும் கேட்காதீர்கள்.

காய்ச்சலும் இருமலும் வேறு ஜாதி. அதில் மன உறுதி காட்ட ஒன்றும் இல்லை.

*

சரி, 'வேர்த்தா சரியாயிடும்' என்ற என் வைத்தியத்துக்கு வருவோம்.

காய்ச்சல் இறங்கும்போது வேர்க்கும். உண்மை. ஆனால் வேர்ப்பதால் காய்ச்சல் இறங்குவதில்லை. மழை வந்தால் குடை விரிப்போம். குடை விரித்தால் மழை வருமா? உடம்புச் சூடு ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினாலே இதயத் துடிப்பு நிமிடத்துக்குச் சுமார் 10 கூடும். அதன்மேல் வேகமான கியூபா தாளத்துக்கு மூன்று மணி நேரம் ஆட்டம். உடம்பில் இருக்கிற தண்ணீரும் வேர்வையாகப் போகும். வைரஸ் காய்ச்சலின்போது கடுமையாக உடம்பை வருத்தினால், அபூர்வமாக இதயத் தசையே வீங்கிப்போகும் ஆபத்து உண்டு என்று டாக்டர்கள் விளையாட்டு வீரர்களையே எச்சரிக்கிறார்கள். பயிற்சி பெற்ற வீரர்களுக்கே அந்தக் கதி என்றால், நாற்காலியில் உட்கார்ந்து கணக்கு எழுதும் என் நண்பன் எந்த மூலை?

"பாராசிட்டமால் போட்டுட்டேன், இப்ப ஓகே" என்பது அடுத்த சமாதானம். மாத்திரை சூட்டைத்தான் இறக்கும். வைரஸ் இருந்த இடத்தில் இருக்கும். ஃப்ளூ வந்தவர் முதல் மூன்று நான்கு நாட்களில்தான் அதிகமாகப் பரப்புவார். அதாவது, 'லேசாத்தான் இருக்கு, சமாளிச்சுடலாம்' என்று நாம் கிளம்பிப் போகும் அதே நாட்களில்.

ஆட்டம் போடும் இடம் சாதாரண இடமும் இல்லை. தென்கொரியாவில் சோனான் என்ற ஊர். 2020 பிப்ரவரி 15-ம் தேதி நடன உடற்பயிற்சி ஆசிரியர்கள் 27 பேர் நாலு மணி நேரப் பயிலரங்கில் கூடினார்கள். அதில் எட்டுப் பேருக்கு கோவிட் உறுதியானது. அவர்கள் தங்கள் வகுப்புகளுக்குத் திரும்பிப் போனார்கள். மார்ச் 9-ம் தேதிக்குள் 12 உடற்பயிற்சிக் கூடங்களின் நடன வகுப்புகளோடு தொடர்புடையவர்கள் 112 பேருக்குத் தொற்று. வேடிக்கை என்னவென்றால், அதே ஆசிரியர்களில் ஒருவர் யோகா மாதிரி மெதுவான வகுப்பும் எடுத்தார். அதில் படித்த யாருக்கும் வரவில்லை. மூடிய அறை, நெருக்கமான கூட்டம், மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கும் ஆட்டம். மூன்றும் சேர்ந்தால் வைரஸுக்குத் தலை தீபாவளி.

"அது கோவிட் சார். இது வெறும் ஃப்ளூ" என்று ஒருவர் எழுந்திருப்பார். உட்காருங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி சீசன் ஃப்ளூ சார்ந்த மூச்சுக் கோளாறுகளால் வருஷத்துக்கு 2,90,000 முதல் 6,50,000 பேர் வரை சாகிறார்கள். 'வெறும்' என்ற வார்த்தையை அந்த வீடுகளில் போய்ச் சொல்லிப் பாருங்கள்.

*

அடுத்த வாதம்தான் முக்கியமானது. "முப்பத்தஞ்சு பவுண்டு போச்சேடா!"

நண்பனும் நானும் பி.காம். வகுப்பில் ஒரே பெஞ்ச். காஸ்ட் அக்கவுண்டிங் பாடத்தில் 'மூழ்கிய செலவு' என்று ஒன்று வரும். ஏற்கெனவே கொடுத்துவிட்ட, எப்படியும் திரும்பி வராத பணம். இனிமேல் என்ன செய்வது என்று முடிவெடுக்கும்போது அந்தப் பணத்தைக் கணக்கிலேயே சேர்க்கக் கூடாது. போனாலும் முப்பத்தஞ்சு பவுண்டு போச்சு, போகாவிட்டாலும் முப்பத்தஞ்சு பவுண்டு போச்சு. பரீட்சையில் ரெண்டு பேரும் இதை அழகாக எழுதி மார்க் வாங்கினோம். வாழ்க்கையில் ரெண்டு பேரும் ஃபெயில்.

ஆனால் பழியை முழுக்க டிக்கெட் வாங்கியவன் தலையில் கட்டுவது அயோக்கியத்தனம். டிக்கெட்டின் அடியில் பொடி எழுத்தில் என்ன அச்சடித்திருந்தது? 'பணம் திருப்பித் தரப்படாது. டிக்கெட்டை மற்றவர் பெயருக்கு மாற்ற முடியாது.' இது காய்ச்சல்காரனை அரங்கத்துக்குள் கையைப் பிடித்து இழுத்து வருகிற விதி. 'உடம்பு சரியில்லையா? இந்தப் பேண்டு அடுத்த முறை வரும்போது வாருங்கள்' என்று ஒரு வரி சேர்த்தால் அமைப்பாளர் குடி முழுகிப் போகாது. அப்படிச் சேர்க்காதவர் வாசலில் சானிடைசர் பாட்டில் வைப்பது பம்மாத்து.

மேடையில் இருப்பவர்களை யாராவது நினைத்தோமா? ரசிகன் ஒரு ராத்திரி ஆடிவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்வான். டிரம்பெட் ஊதுகிறவர் அடுத்த நாள் அடுத்த ஊரில் ஊத வேண்டும். மூச்சுதான் அவருக்கு முதலீடு. பிரிட்டனில் 2023-ல் இருந்த சட்டப்படி, சம்பளத்துக்கு வேலை பார்ப்பவருக்கே நோய்க்கால ஊதியம் முதல் மூன்று நாளுக்குக் கிடையாது. கச்சேரிக்குக் கச்சேரி காசு வாங்கும் கலைஞனுக்கு அதுவும் இல்லை. ஊதினால் சோறு. 'கலைஞர்கள் மேல் எனக்கு உயிர்' என்று சொல்லிக்கொண்டு, முதல் வரிசையில் நின்று அவர்கள் முகத்தில் இருமுவது என்ன மாதிரி ரசனை?

*

இதற்கெல்லாம் மேலே ஒரு பெரிய பொய் உட்கார்ந்திருக்கிறது. கலைஞன் என்றால் சாகும்வரை ஆட வேண்டும், ரசிகன் என்றால் விழும்வரை ரசிக்க வேண்டும் என்ற பொய்.

கியூபா மக்கள் தலையில் வைத்துக் கொண்டாடும் பாடகர் பெனி மோரே. மாம்போ, சோன், பொலேரோ எதுவானாலும் அவர் குரலில் குழைந்து வரும். குடியால் ஈரல் கெட்டுப்போயிருந்தது. 1963 பிப்ரவரியில் பல்மிரா என்ற ஊரில் கடைசியாகப் பாடினார். ஓரிரு நாளில் ஹவானாவில் செத்துப்போனார். வயது 43. என் வயதுக்காரர்! 'கடைசி மூச்சுவரை பாடினார்' என்று உருகுகிறோமே, அன்றைக்கு அவர் பாடாமல் படுத்திருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? கை தட்டலால் ஈரல் வளராது. 'வேண்டாம்ப்பா, வீட்டுக்குப் போ' என்று சொல்லும் ரசிகர்கள் இருக்கிற ஊரில்தான் கலைஞர்கள் கிழவர்களாவார்கள்.

'கியூபாக்காரர்கள் எப்போதும் ஆடிக்கொண்டே இருப்பார்கள், நோயாவது நொடியாவது' என்று சுற்றுலா விளம்பரம் பார்த்துப் பேசுகிறவர்களுக்கு இன்னொரு சேதி. கொசு கடித்துத்தான் மஞ்சள் காய்ச்சல் பரவுகிறது என்று 1881-லேயே ஹவானாவில் எழுந்து நின்று சொன்னவர் கார்லோஸ் ஃபின்லே என்ற கியூபா டாக்டர். இருபது வருஷம் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சரியாக நூறு வருஷம் கழித்து, 1981-ல், அதே ஏடிஸ் கொசு கியூபாவில் டெங்குவைக் கொண்டுவந்தது. 3,44,203 பேருக்கு நோய். 158 பேர் இறந்தார்கள். அதில் 101 பேர் குழந்தைகள். அந்த ஏழை நாடு 1,16,143 பேரை ஆஸ்பத்திரியில் சேர்த்துப் பார்த்தது. காய்ச்சல்காரரைக் கூட்டத்திலிருந்து பிரித்துப் படுக்க வைப்பது எவ்வளவு முக்கியம் என்று ஆட்டக்காரர்களின் ஊர்தான் நமக்குப் பாடம் நடத்துகிறது.

டெங்குவும் சிக்குன்குனியாவும் இருமலில் பரவாதுதான். ஆனால் காய்ச்சலோடு ஹவானாவின் திறந்தவெளி மேடைக்கு ஒருவர் சாயங்காலம் ஆடப் போகிறார் என்று வையுங்கள். ஏடிஸ் கொசுவுக்கு அதுதான் டிபன் நேரம். அவரைக் கடித்த கொசு, ஒன்றிரண்டு வாரத்தில் அடுத்தவர்களுக்குப் பரப்பத் தயாராகிவிடும். 2025-ல் கியூபா முழுக்க சிக்குன்குனியா பரவியது. அந்த வலி நமக்குத் தெரியாததா? 2006-ல் இந்தியாவில் 13 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை அது சந்தேகப் பட்டியலில் சேர்த்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு பாத்ரூம் போன நம் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். லண்டனில் மூச்சு வழியாக, ஹவானாவில் கொசு வழியாக. வழிதான் வேறு. ஊருக்குக் கொடுத்துவிட்டுப் போகிறவர் அதே காய்ச்சல்காரர்தான்.

*

'அப்படியானால் சந்தோஷமே கூடாதா?' என்று கேட்காதீர்கள். கியூபாவின் பழைய ஆட்டம் ஒன்றைப் பாருங்கள். பெயர் தன்சோன். மிகேல் ஃபாயில்டே என்ற இசைக்கலைஞர் 1879 ஜனவரி 1-ம் தேதி மத்தான்சாஸ் நகரில் முதன்முதலாக வாசித்தது. பிற்காலச் சால்சாவின் பாட்டன்மார்களில் ஒன்று. இதில் பாட்டின் ஒவ்வொரு பகுதிக்கும் நடுவே தொடக்க இசை திரும்பத் திரும்ப வரும். அது வரும்போது ஜோடிகள் ஆடுவதை நிறுத்திவிடுவார்கள். நின்ற இடத்தில் விசிறிக்கொள்வார்கள், பேசிக்கொள்வார்கள். மறுபடி தாளம் மாறியதும் ஆடுவார்கள். வெக்கையான ஊர். ஆட்டத்துக்குள்ளேயே ஓய்வைத் தைத்து வைத்திருக்கிறார்கள். நின்றவரைப் பார்த்து 'ஆட்டம் தெரியாதவன்' என்று யாரும் சிரிக்கவில்லை.

காய்ச்சல் வந்த நாலு நாளும் அந்தத் தொடக்க இசை மாதிரிதான். நில்லுங்கள். விசிறிக்கொள்ளுங்கள். பாட்டு இன்னும் முடியவில்லை.

ஆகவே, பொதுமக்களே... காய்ச்சல், உடம்புவலி, நெஞ்சு இருமல் இருந்தால் ஆட்டத்துக்குப் போகாதீர்கள். கச்சேரிக்கு, கல்யாணத்துக்கு, ஆபீசுக்கும்தான். மாத்திரை இல்லாமலே காய்ச்சல் இறங்கி ஒரு முழு நாளாவது போகட்டும். அமைப்பாளர்களே, நோயாளியின் டிக்கெட்டை மாற்றிக் கொடுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள். முதலாளிகளே, படுத்துக்கொண்ட நாளுக்கும் சம்பளம் கொடுங்கள். மூட்டுவலிக்காரர்களே, நாற்பதைத் தாண்டி ஆடக் கற்றுக்கொள்ள வெட்கப்படுகிறவர்களே, நீங்கள் மட்டும் இன்றைக்கே கிளம்புங்கள்.

நண்பன் மறுபடி ஆடப் போகிறான். அந்த அம்மாவும் வருகிறார். அதே ருவேதா வட்டத்தில் ரெண்டு பேரும் ஆடுகிறார்களாம். போன வாரம் போன் பண்ணினான். தொண்டை கரகரப்பு. வெள்ளிக்கிழமை பேண்டு இருக்கிறது. ஆனால் இந்த முறை என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

"டிக்கெட்டைப் பக்கத்து வீட்டுப் பையன்கிட்ட கொடுத்துட்டேன்" என்றான். "ரசம் வைக்கப் போறேன். மிளகு எவ்வளவு போடணும்?"

அந்த மாதிரி கேள்விக்கு மட்டும்தான் இனி நான் பதில் சொல்வதாக இருக்கிறேன்.